போன் கையில் இருக்கும்போது காம்பாக்ட் கேமரா வாங்கலாமா? நல்லதாக வாங்க எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வியோடு இரண்டு கேமராக்களின் விவரத்தையும் போட்டிருக்கிறீர்கள். ஒன்றில் 30 மடங்கு ஜூம், இன்னொன்றில் வெறும் 4 மடங்கு. ஆனால் விலை அதற்குத்தான் அதிகம், இது என்ன நியாயம் என்கிறீர்கள். எங்கள் குடும்பத்தில் இதை என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர், பதிலை முழுசாகக் கேட்டவர்தான் யாருமில்லை. அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டில் ஓடியாடும் வயதில் ஒரு வாண்டு இருக்கிறது, சாயங்காலத்துக்கு மேல் போனில் எடுப்பதெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும்.

நியாயம் சென்சாரில், அதாவது ஒளியைப் பிடித்துப் படமாக்கும் சில்லில் இருக்கிறது. பாக்கெட்டில் போகும் உடம்புக்குள் 30 மடங்கு ஜூமை அடைக்க வேண்டுமானால் சென்சாரைச் சுருக்கியாக வேண்டும். அந்த வகையில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 இன்ச் சென்சார். அளவு சுமார் 6.2 × 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ‘1 இன்ச்’ என்று போட்டிருப்பது 13.2 × 8.8 மி.மீ. (ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள், அது பழைய டிவி கேமராக் குழாய்க் காலத்துக் கணக்கு.) பரப்பில் நாலு மடங்கு பெரிது, ஒரே அப்பர்ச்சரில் (லென்ஸில் ஒளி நுழையும் வாயின் அளவு) பிடிக்கும் ஒளியும் நாலு மடங்கு. மெகாபிக்சல் இரண்டிலும் 20 என்றே இருக்கலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 2012இல் சோனி முதல் ஆர்எக்ஸ்100ஐக் கொண்டுவந்தபோது அத்தனை பேச்சு அடிபட்டதே, இந்தப் பெரிய சென்சாரைப் பாக்கெட்டில் போகிற அளவுக்குள் அடக்கிக் காட்டியதால்தான்.

ஆனால் சென்சாரோடு நிறுத்திக்கொள்கிற பதில்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தில் பொடி எழுத்தில் இரண்டு அப்பர்ச்சர் எண்கள் இருக்கும். எண் சிறிதானால் வாய் பெரிது, ஒளி அதிகம். முதல் ஆர்எக்ஸ்100இல் 1.8-4.9. 2014இல் வந்த கேனன் ஜி7எக்ஸில் 1.8-2.8. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதல் எண்ணைத்தான். அது ஜூம் செய்யாமல் அகலமாக எடுக்கும்போது மட்டும். முழுக்க ஜூம் இழுத்தபிறகு உங்களுக்குக் கிடைப்பது இரண்டாவது எண். இரண்டு கேமராவின் ஜூமும் 100 மி.மீ. வரைதான் போகும் (இந்த எண் கூடக் கூடத் தூரத்துக் காட்சி கிட்டே வரும்), சென்சாரும் ஒரே அளவு. ஆனால் அந்த முனையில் 2.8 உள்ளே விடும் ஒளி 4.9 விடுவதைப்போல மூன்று மடங்கு.

அந்த மூன்று மடங்கு என்ன செய்யும் என்பதை என் அக்கா மகள் நாடகத்தில் கண்ணாரப் பார்த்தேன். பள்ளி மேடை, மஞ்சள் விளக்கு, அரங்கம் முழுக்க இருட்டு. அவள் கிழவி வேஷம் போட்டுக் கையில் தடியோடு வருகிறாள். என் பக்கத்தில் அக்கா வீட்டுக்காரர். “மாப்ள, போன்லயே எடுத்தா என்ன? இது என்ன பொம்மை மாதிரி?” என்றார். போன்களெல்லாம் ஃபிளாஷ் அடித்துக்கொண்டிருந்தன, வெளிச்சம் முன் வரிசைத் தலைகளோடு நின்றுவிட்டது. நான் ஜி7எக்ஸில் ஃபிளாஷை அணைத்து, ஜூமை முழுக்க இழுத்து, ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனுக்கான அளவு) 1600இல் வைத்தேன். ஷட்டர் திறந்து மூடும் நேரம் 1/125 நொடி கிடைத்தது. 4.9 லென்ஸாக இருந்தால் அதே வெளிச்சத்துக்கு 1/40தான் வந்திருக்கும். நிற்கிற ஆளுக்கு 1/40 போதும். தடியை ஓங்குகிற பிள்ளைக்குப் போதாது, கை இருக்கிற இடத்தில் ஒரு புகைதான் தெரியும். என் படத்தில் தடியைப் பிடித்த விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒட்டு நரைமுடி காதோரம் பிய்ந்து தொங்கியதும் தெரிந்தது, அதற்கு அக்கா திட்டினாள் என்பது வேறு.

போன் பிரியர்கள் கோபப்பட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் போன் தாராளமாகப் போதும். இருட்டிலும் அசையாத பொருளைப் போன் பிரமாதமாக எடுக்கும், பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசைகிற பிள்ளையைச் சேர்க்கும்போதுதான் திணறுகிறது. என்னிடம் இருப்பது கேனன் என்பதால் அதற்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். அதில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது, வெயிலில் திரையைப் பார்த்து எடுப்பது தலைவலி.

மெச்சிக்கொள்ள எடுத்த படம் அன்றைக்குப் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். குடும்பக் குழுவில் போட்டேன். மெசேஜ் ஆப் அதைக் கசக்கிப் பிழிந்து காட்டியது. உடனே சித்தப்பா, “இதுக்கா இவ்வளவு செலவு?” என்றார். ஃபைலாக அனுப்பினால் அப்படியே வரும் என்று மறுபடி அனுப்பினேன், டவுன்லோட் பண்ண யாருக்கும் பொறுமை இல்லை. மறுநாள் பார்த்தால் அக்கா வீட்டுக்காரரின் டிபியில் அதே படம், ஓரமெல்லாம் வெட்டி. அலுவலகத்தில் யாரோ விசாரித்தபோது “என் போன்ல எடுத்தது” என்றாராம். மனுஷனை என்ன சொல்ல!

சரி, எதை வாங்குவது? பிள்ளைகள், வீட்டு விசேஷம், உள் அரங்கம் என்றால் 1 இன்ச் சென்சார், இரண்டாவது எண் 2.8. ஜி7எக்ஸ் வரிசையும் ஆர்எக்ஸ்100இன் மூன்றாம் மாடலும் (இது 70 மி.மீ. வரைதான் போகும்) இதில் அடங்கும். ஜூமே வேண்டாம், தெருவில் நடந்து எடுக்கப் போகிறேன் என்றால் ரிகோ ஜிஆர்3. 1 இன்ச்சைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி என்ற அளவு சென்சார், 23.5 × 15.6 மி.மீ., ஆனாலும் பாக்கெட்டில் போகும். உள்ளே ஃபிளாஷ் இல்லை, பேட்டரி சீக்கிரம் தீரும், உபரி பேட்டரி ஒன்று கூடவே வேண்டும். ஃபூஜி எக்ஸ்100விஐ அருமையான கேமரா, ஆனால் அது கழுத்தில் தொங்கும் சாமான். பாக்கெட் கேமரா கேட்டவருக்கு அதைச் சிபாரிசு செய்பவர்கள் கேள்வியையே படிக்கவில்லை.

பழையது வாங்குவதானால் லென்ஸை நாலைந்து தடவை திறந்து மூடச் சொல்லுங்கள், கரகர என்று சத்தம் வரக்கூடாது. பிறகு ஜூமை முழுக்க இழுத்து, அப்பர்ச்சரை 11க்குச் சுருக்கி ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள். கறுப்பாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் உள்ளே தூசி. நீண்டு சுருங்குகிற லென்ஸ் காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும். மாற்று லென்ஸ் கேமராபோல இதை நாமே திறந்து துடைக்க முடியாது. புதிதாக வாங்கினாலும் பாக்கெட்டில் சும்மா போடாமல் சின்ன உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

‘ஆர்எக்ஸ்100 மார்க் 7 ஏன் இல்லை, அதுதானே புதுசு’ என்று கீழே ஒருவர் நிச்சயம் கேட்பார். 24இலிருந்து 200 மி.மீ. வரை போகும், ஃபோகஸ் வேகமும் அபாரம், ஆனால் இரண்டாவது எண் 4.5. பகலில் பறவை, விளையாட்டுத் திடல், ஊர் சுற்றல் என்று எடுக்கிறவர் தாராளமாக வாங்கட்டும். நீங்கள் கேட்டது வீட்டுக்குள் எடுக்கிற படத்துக்கு என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.