ஜாஸும் ஹிப்-ஹாப்பும் கலந்த இசைக்குழு என்றால் என்ன?

ராப், அதாவது ஹிப்-ஹாப்பின் தாளத்தோடு பேசுவதுபோன்ற பாட்டு, பாடுபவருக்குப் பின்னால், பதிவுசெய்த இசைக்குப் பதிலாக டிரம்ஸ், பேஸ், கீபோர்டு கலைஞர்கள் ஜாஸ் பாணியில் நேரடியாக வாசிக்கும் குழு இது. 1987இல் பிலடெல்பியாவில் பள்ளித் தோழர்கள் குவெஸ்ட்லவ், பிளாக் தாட் தொடங்கிய 'தி ரூட்ஸ்' நல்ல உதாரணம். தெருவோரத்தில் ஒருவர் டிரம்ஸ் தட்ட, மற்றவர் ராப் பாடினார், மேடையெல்லாம் பிறகுதான்.

இரண்டும் ஏன் ஒட்டுகின்றன? பழைய ஜாஸ் இசைத்தட்டுகளில் சில நொடிகளை வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டே ஹிப்-ஹாப்பில் பல பாடல்கள் உருவாயின. மேலும், இரண்டிலுமே அந்த நேரத்துக் கற்பனைக்குத்தான் மதிப்பு. நம் கச்சேரியில் மிருதங்கம் தாளத்தைத் தாங்க, பாடகர் கல்பனாஸ்வரத்தில் உலவுவாரே, கிட்டத்தட்ட அதுபோல.

ஜாஸ் மெட்டின் மேல் ராப்பை ஒட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, பாடகர் ஒரு சொல்லை நிறுத்தினால் டிரம்ஸ் கலைஞரும் அதைக் கேட்டு உடனே பதில் சொல்ல வேண்டும்.