பட்டறைப் பதில்கள்: லெக் கார்டு காலுக்கா, வண்டிக்கா?

மழை ரெண்டு நாள் சேர்ந்தாப்ல பெஞ்சா போதும், நம்ம பெங்களூர்ல எனக்கு வர்ற கேள்வியெல்லாம் கிராஷ் கார்டு பக்கம் திரும்பிரும், அதான் வண்டியோட ரெண்டு பக்கமும் மாட்டற கம்பி, லெக் கார்டுன்னும் சொல்வாங்களே, அது. யாரோ எங்கயோ சாஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். இந்த வாட்டி அதையே எடுத்துக்கிட்டேன். செயினுக்கு ஆயில் போடறத பத்தி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாப்போம்.

கேள்வி: அண்ணே, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 எடுத்து ரெண்டு மாசம் ஆகுது. போன வாரம் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல வண்டிய திருப்பும்போது கால் சரியா ஊணாம அப்படியே சாச்சுட்டேன், வாட்ச்மேன் வந்துதான் தூக்கி விட்டாரு. கிராஷ் கார்டு போடலாம்னு பாத்தா ஷோரூம்ல ஒண்ணு காட்டுறாங்க, ஆன்லைன்ல இருபது வருது, ஜேசி ரோடு பக்கம் ஒரு கடைக்காரர் "பாதி காசுக்கு சாலிட் ராடுலயே அடிச்சுத் தரேன், லாரி மோதுனாலும் ஒண்ணும் ஆகாது"ங்கறாரு. எத எடுக்கறது? – ஒரு வாசகர், அல்சூர்

தம்பி, லாரி மோதுனா கார்டு நல்லா இருக்குமோ என்னமோ, வண்டி இருக்காது, அத விடுங்க.

உங்க வண்டி 196 கிலோ, சீட்டு உயரம் 825 மில்லி. இந்த மாதிரி வண்டி விழுறது எங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பேஸ்மென்ட், பெட்ரோல் பங்க், ஜல்லி கொட்டிக் கிடக்கற பாதில யூ டர்ன், ஏலகிரில பதினாலு வளைவையும் ஒழுங்கா ஏறி முடிச்சுட்டு மேல டீக்கடை முன்னாடி சைடு ஸ்டாண்ட் சரியா போடாம விட்டது. எல்லாமே நின்னுக்கிட்டோ நடக்கற வேகத்துலயோ விழுறதுதான். அட்வென்ச்சர் வண்டிக்கு கிராஷ் கார்டு போடறது இந்த விழுகைக்குத்தான், இன்ஜின் கவரும் ரேடியேட்டரும் டேங்க் பக்கத்து பிளாஸ்டிக்கும் தப்பிக்கறதுக்கு. இத முதல்ல மனசுல வச்சுக்கிட்டா கடையில பாதி பேச்சு தானா அடங்கிரும்.

சாலிட் ராடு வேண்டவே வேண்டாம். ஏன்னு சொல்றேன். வண்டி சாயும்போது அந்த 196 கிலோவும் ஒரு அடி அடிச்சுத்தான் நிக்கும், அந்த அடி எங்கயாவது போயாகணும் இல்லையா. பைப் வளைஞ்சா அடி அதுலயே செலவாயிரும். பைப் வளையவே வளையாதுன்னா அது நேரா போல்டுக்குப் போகும், போல்டும் தாங்கிருச்சுன்னா ஃபிரேம்ல போல்ட் மாட்ட வெல்டு பண்ணியிருக்கற தகட்டுக்கு, அதான் காதுக்குப் போகும், இல்லன்னா இன்ஜின் மவுண்ட்டுக்கு. கார்டு வளைஞ்சா கார்டு காசு. ஃபிரேம் காது கோணிக்கிச்சுன்னா இன்ஜின இறக்கணும், ஃபிரேமையே மாத்த வேண்டி வந்தா ஆர்சி புக்குல இருக்கற சேசிஸ் நம்பரோட வம்பு வேற. அதனால நல்ல கார்டுன்னா வளைய வேண்டிய நேரத்துல வளையறதுதான்.

எனக்கே இது பட்டுத்தான் தெரிஞ்சுது. பழைய வண்டிக்கு வெல்டிங் கடை ஒண்ணுல இப்படித்தான் கனமா ஒரு கார்டு அடிச்சு வாங்குனேன், பாக்க கோயில் கம்பி வேலி மாதிரி கம்பீரமா இருந்துச்சு. கனகபுரா ரோடு தாண்டி ஒரு மண் பாதையில நடந்து போற வேகத்துல சாஞ்சேன், அவ்வளவுதான். கார்டுல பெயின்ட் கூட போகல. ஆனா கீழ்ப்பக்கம் அது ஒரே ஒரு யூ கிளாம்ப்லதான் நின்னுச்சு, அந்த கிளாம்ப் ஃபிரேம் பைப்ல அப்படியே சுத்திக்கிச்சு, மொத்தக் கார்டும் உள்பக்கமா திரும்பி இன்ஜின் கவர்ல போய் குத்துச்சு. கார்டு இல்லாம விழுந்திருந்தா கவர்ல ஒரு கீறல் விழுந்திருக்கும். கார்டு இருந்ததால ஓட்டை. ஆயில் சொட்டச் சொட்ட வண்டிய டெம்போல ஏத்திக்கிட்டு வந்தேன். டெம்போக்காரர் வழி பூரா "கார்டு சூப்பரா இருக்கு சார், எங்க வாங்குனீங்க"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு.

அதனால கடைக்குப் போனா பைப்ப தட்டிப் பாக்காதீங்க, அது எங்கெங்க மாட்டுதுன்னு பாருங்க. ஒரு பக்கத்துக்கு மூணு இடத்துலயாவது பிடிக்கணும், அதுவும் கம்பெனிக்காரன் போட்டு வச்சிருக்கற போல்ட் ஓட்டையிலயே பிடிக்கணும், ஃபிரேம சுத்திப் பிடிக்கற கிளாம்ப் கூடுமான வரைக்கும் வேண்டாம். அப்புறம் இடது கார்டையும் வலது கார்டையும் முன்னாடி குறுக்க ஒரு பைப் சேத்துருக்கான்னு பாருங்க. அது இருந்தா ஒரு பக்கம் வாங்குற அடிய ரெண்டு பக்கமும் பங்கு போட்டுக்கும். இல்லன்னா விழுந்த பக்கத்து காது மட்டும்தான் மொத்தத்தையும் சுமக்கணும்.

பைப் கணக்கு கேட்டா, வெல்டிங் கடை பாஷையில 16 கேஜ்னா சுவர் கனம் ஒன்றரை மில்லிக்கு கொஞ்சம் மேல, 14 கேஜ்னா ரெண்டு மில்லி. இந்த ரெண்டுக்குள்ள எதுவா இருந்தாலும் போதும். கனத்த விட விட்டம் பெருசு பேசும்: அதே கனத்துல 22 மில்லி பைப்புக்கு பதிலா ஒரு இன்ச் பைப் போட்டா விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கூடிரும், எடை அவ்வளவு கூடாது. சில பேர் எஸ்எஸ், அதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு சொல்லி காந்தம் வச்சுக் காட்டுவாங்க, "பாருங்க ஒட்டல, 304 ரகம்"பாங்க. 202ன்னு இன்னொரு ரகம் இருக்கு, மலிவு, அதுலயும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, ஆனா 304 அளவுக்கு துருவ தாங்காது. நீங்க கடல் பக்கம் ஓட்டலன்னா நல்ல பவுடர் கோட்டிங் போட்ட சாதா இரும்பே போதும்ங்கறது என் கட்சி. அலுமினியம் வேண்டாம், அது வளைஞ்சு தாங்கறத விட விரிசல் விடறதுதான் அதிகம்.

இப்ப ஒரு வேலை செய்ங்க, இதுக்கு காசு ஆகாது. கார்டு மாட்டுனப்புறம் வீட்ல நேரா இருக்கற ஒரு துடைப்பக் கம்போ மாப் கம்போ எடுத்துக்கோங்க. ஒரு முனைய முன் டயரோட பக்கவாட்டுல தரைகிட்ட வச்சு, கம்பு கார்டோட ரொம்ப வெளிய தள்ளியிருக்கற இடத்துல படற மாதிரி சாய்ங்க. அடுத்து கார்டோட அதே இடத்துலேந்து ஹேண்டில்பார் முனைக்கு. வண்டி படுத்தா தரை எப்படி வரும்ங்கறத இந்தக் கம்புதான் காட்டும். நடுவுல டேங்க் பிளாஸ்டிக்கோ இன்ஜின் கவரோ கம்புல இடிச்சா, விழும்போது அது தரையிலயும் இடிக்கும், அந்தக் கார்டு உங்க வண்டிக்கு ஆகாது. ஒரு விரல் நுழையற இடைவெளியாவது வேணும், ஏன்னா விழும்போது கார்டு கொஞ்சம் உள்ள அமுங்கும். ரேடியேட்டர் பக்கம் ரெண்டு விரல். அட்வென்ச்சர் வண்டியில பல பேர் மாட்டிக்கறது இந்த ரேடியேட்டர் விஷயத்துலதான், பழைய ஹிமாலயன் 411 ஏர் கூல்டு, ரேடியேட்டர் கிடையாது, அதுல இந்தக் கவலையே இல்ல, 450ல இருக்கு.

411ன்னு சொன்னதும் ஞாபகம் வருது, அதுல டேங்க் பக்கத்துல கம்பெனியே ஒரு கம்பி ஃபிரேம் குடுத்துச்சே, அது ஜெர்ரி கேன் மாட்டறதுக்கு, அதப் போய் கிராஷ் கார்டுன்னு நினைச்சு தைரியமா விழுந்தவங்க நிறைய பேரு.

மாட்டும்போது இன்னும் ரெண்டு விஷயம். கார்டு இன்ஜின் மவுண்ட் போல்ட்லயே வரும்னா பழைய போல்ட்டக் கழட்டி நீளமான போல்ட் போடுவாங்க. அதோட தலையில 8.8ன்னோ 10.9ன்னோ பலத்தக் காட்டற நம்பர் எழுதியிருக்கும், பழசுல என்ன நம்பர் இருக்கோ அதே நம்பர் புதுசுலயும் இருக்கணும், தலை மொட்டையா இருந்தா திருப்பிக் குடுத்துருங்க. ஒவ்வொரு போல்ட்டா மாத்தணும், எல்லாத்தையும் ஒண்ணா கழட்டுனா இன்ஜின் இறங்கிக்கும், அப்புறம் ஓட்டை சேராது, பையன் சுத்தியல் எடுப்பான். போல்ட்ட அளவு பாத்து முடுக்கற டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில இந்த வேலைய குடுக்காதீங்க. ஒரு 500 கிலோமீட்டர் ஓடுனதும் திரும்ப ஒருக்கா டைட் பாத்துக்கங்க. அப்புறம் ஆயில் ஃபில்டர் மாத்த கார்ட கழட்ட வேண்டியிருக்கான்னு முன்னாடியே கேளுங்க, ஒவ்வொரு சர்வீஸுக்கும் கழட்டி மாட்டுனா மெக்கானிக் ஒரு நாள் அரைகுறையா முடுக்கிட்டு விட்டுருவார்.

உங்க கேள்விக்கு நேரா பதில்: ஷோரூம்ல இருக்கறத போய்ப் பாருங்க, கம்பு டெஸ்ட்ல தேறுனா அதையே எடுங்க. வண்டி புதுசு, வாரண்டி இருக்கு, ஓட்டையெல்லாம் தானா சேரும். மண்ணுலயும் மலையிலயும் ஓட்டப் போறீங்கன்னா மட்டும் டேங்க் உயரத்துக்கு வர்ற மேல் கார்டு, இல்லன்னா அது நாலஞ்சு கிலோ வீண் சுமை, அதுவும் மேல உக்காந்துக்கும், சாயற வண்டிய இன்னும் கொஞ்சம் சீக்கிரம் சாய்க்கும். மிச்சக் காசுல நல்ல ஹேண்ட் கார்டு, உள்ள அலுமினியம் பட்டை வச்சதா போடுங்க. பேஸ்மென்ட்ல விழுந்தா முதல்ல உடையறது கிளட்ச் லீவர்தான்.

கேள்வி: என் மகன் ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக் வாங்கியிருக்கான். லெக் கார்டு போட்டுட்டேன்மா, இனிமே காலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றான். நிஜமாவா? – ஒரு தாய், லிங்கராஜபுரம்

பேருதான் அம்மா லெக் கார்டு. யார் வச்ச பேரோ, அதனால எத்தனையோ பேரு ஏமாந்திருக்காங்க.

1981ல அமெரிக்காவுல ஹேரி ஹர்ட்னு ஒரு பேராசிரியரோட குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் நடந்த 900 பைக் விபத்துகள நேரா இடத்துக்கே போய் ஆராய்ஞ்சு அறிக்கை குடுத்துச்சு, இன்னைக்கும் பைக் பாதுகாப்புன்னா அத எடுத்துப் பேசாதவங்க இல்ல. அதுல கிராஷ் பார் பத்தி தனியா சொல்லியிருக்காங்க: கணுக்காலுக்கும் பாதத்துக்கும் வர்ற அடி கொஞ்சம் குறையுது, ஆனா தொடை, முட்டி, கீழ்க்காலுக்கு வர்ற அடி கூடி அது சரிக்குச் சரி ஆயிருது. ஏன்னா நிஜமான மோதல்ல கால் கார்டுக்குப் பின்னாடி அடக்கமா உக்காந்திருக்காது, முன்னாடி வீசிக்கிட்டுப் போய் அதே கம்பியில அடிக்கும்.

சும்மா நின்ன இடத்துல வண்டி சாயறப்போ மட்டும் பிரயோஜனம் உண்டு, கார்டு வண்டியத் தூக்கிப் பிடிச்சுக்கறதால கால் அடியில நசுங்காம உருவிக்கலாம். அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. கணுக்கால மூடுற பூட்ஸும் முட்டிக்கு கார்டும் வாங்கிக் குடுங்க. அவன் செருப்போட ஓட்டறான்னா சாவிய வாங்கி வச்சுக்கங்க, நான் சொன்னேன்னே சொல்லுங்க.

கேள்வி: ப்ரோ, என் கேடிஎம் 390 அட்வென்ச்சருக்கு கார்டு அசிங்கமா இருக்கு. ஸ்லைடர் மட்டும் போட்டா போதாதா? – கோரமங்களா வாசகர்

ஸ்லைடர் ரேஸ் டிராக்குக்குப் பொறந்தது. நல்ல தார்ல வேகமா விழுந்தா அந்த நைலான் குமிழ் வழுக்கிக்கிட்டே போகும், அங்க கார்டவிட அது தேவலாம், கார்டு ரோட்டுல எங்கயாவது மாட்டி வண்டிய உருட்டி விட்டுரும். ஆனா அட்வென்ச்சர் வண்டியில டேங்க் பக்கத்து பிளாஸ்டிக் அகலமா வெளிய நிக்கும், ஸ்லைடர் கீழ உள்ளடங்கி ஒரே போல்ட்ல தொங்கும், தரை அதத் தொடறதுக்கு முன்னாடி பிளாஸ்டிக்கத் தொட்டிருக்கும். மண்ணுல விழுந்தா அது புதைஞ்சு அந்த ஒரு போல்ட்ட வளைக்கும். மேல சொன்ன கம்ப எடுத்து வச்சுப் பாருங்க. ஓசூர் ரோட்டுல ஆபீஸ் போயிட்டு வர்றது மட்டும்னா ஸ்லைடரே போதும், அசிங்கமும் இருக்காது.

கேள்வி: கிராஷ் கார்டு போட்டா போலீஸ் பிடிப்பாங்களா? இன்சூரன்ஸ் குடுப்பாங்களா? – ஸ்ரீராமபுரம் வாசகர்

2017 டிசம்பர்ல மத்திய போக்குவரத்து அமைச்சகம், அனுமதியில்லாம மாட்டற கிராஷ் கார்டு மேல நடவடிக்கை எடுங்கன்னு மாநிலங்களுக்கு எழுதுச்சு, மோட்டார் வாகனச் சட்டத்துல வண்டிய மாத்தியமைக்கறதப் பத்திப் பேசற 52ம் பிரிவக் காட்டி. அப்போ பேச்செல்லாம் கார், ஜீப் முன்னாடி மாட்டற பெரிய பம்பரப் பத்திதான். ஆனாலும் 52ம் பிரிவு பைக்குக்கு பொருந்தாதுன்னு யாரும் சொல்லல. கம்பெனி ஆக்சஸரியா வாங்கி பில்லு கையில இருந்தா பேச ஒரு வாய் இருக்கும், ஹேண்டில்பார விட அகலமா முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா வாயும் இருக்காது. பின் சக்கரத்து சாரி கார்ட மட்டும் கழட்டிராதீங்க, அது சட்டப்படியே இருக்க வேண்டியது. இன்சூரன்ஸுக்கு அந்த பில்லக் காட்டி பாலிசி புதுப்பிக்கும்போது மின்சாரம் இல்லாத துணைப் பொருள்னு மதிப்போட ஏத்திக்கங்க. ஏத்தாத பொருளுக்கு க்ளெய்ம் கேட்டா குடுக்க மாட்டாங்க.

கேள்வி: கொல்லிமலை போயிட்டு வர்றப்போ விழுந்து கார்டு லேசா உள்ள வளைஞ்சிருச்சு. காய வச்சு நிமித்திக்கலாமா? – ஒயிட்ஃபீல்டு வாசகர்

காய வைக்காதீங்க, கோட்டிங்கும் போகும், பைப்பும் அந்த இடத்துல மெலியும். அடுத்த தடவை அங்கதான் மடியும். வெல்டு ஓரத்துல பெயின்ட்ல முடி மாதிரி கோடு ஓடுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, ஓடுச்சுன்னா புதுசு வாங்கிருங்க. இல்லன்னா ஒரு மவுண்ட்ல மட்டும் போல்ட்டக் கழட்டி, கார்ட அந்த இடத்துல கொஞ்சம் விலக்கிட்டு, போல்ட்ட ஃபிரேம் ஓட்டையில மட்டும் விட்டுப் பாருங்க. அதே மாதிரி ஒவ்வொண்ணா. ஸ்பேனர் இல்லாம விரலாலயே திருகி உள்ள போச்சுன்னா வளைஞ்சது கார்டு மட்டும்தான், அப்படியே ஓட்டுங்க. பாதி வழியில நின்னுருச்சுன்னா முடுக்காம அப்படியே வச்சு ஷோரூமுக்கு எடுத்துட்டுப் போங்க.