ட்ரெய்லர் பிரேக் பிடிக்கவில்லையா? கேட்டவர்களுக்குப் பதில்

கெப்பில் ட்ரெய்லர் இழுக்கிறவர்கள் மின்சார பிரேக் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லாமே 12 வோல்ட் வண்டிக்கானவை. கொன்ட்ரோலர் என்று சொல்வது கெப்புக்குள் இருந்து ட்ரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் அனுப்பும் பெட்டி, அதிலுள்ள கை லீவரைத் தள்ளினால் ட்ரெய்லர் பிரேக் மட்டும் பிடிக்கும்.

வாழைச்சேனை: அண்ணா, போட் ஏற்றும் ட்ரெய்லர். பிரேக் சிலநேரம் பிடிக்குது, சிலநேரம் இல்லை. கொன்ட்ரோலரை மாத்தவா?

அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீங்க தம்பி. பிடிப்பதும் விடுவதுமாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த் வயரைத்தான், அதுவும் கடற்கரைப் பக்கம் ஓடுகிற ட்ரெய்லர் என்றால் கேட்கவே வேண்டாம். வெள்ளை வயரைச் சட்டத்தில் முடுக்கியிருக்கும் இடத்தைக் கழற்றிப் பாருங்க, செம்பு பச்சை பூத்து, கீழே இரும்பு பொருக்கு விட்டிருக்கும். சிக்னல் போடும்போது மற்ற லைட்டும் சேர்ந்து மங்கலாக மினுங்கினால் அதுவும் எர்த் கோளாறுதான். பெற்றரியின் நெகட்டிவிலிருந்து தனி வயர் ஒன்றை ட்ரெய்லரின் வெள்ளை வயருக்கு நேரே இழுத்து ஒருக்கா ஓடிப் பாருங்க. பிரேக் வடிவாகப் பிடித்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். கொக்கியும் பந்தும் உரசுவதையே எர்த்தாக நம்பி ஓடுகிறவர்கள் நிறையப் பேர், தயவுசெய்து அப்படி ஓடாதீங்க.

அப்புறம் மீட்டரை ஓமில் வைத்து, பிளக்கைக் கெப்பிலிருந்து கழற்றிவிட்டு, ட்ரெய்லர் பக்கம் பிரேக்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் நீல வயருக்கும் வெள்ளைக்கும் இடையே அளங்க. கரண்ட் வந்ததும் பிரேக்கைப் பிடிக்க வைப்பது ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்குள்ளும் இருக்கும் மின்காந்தம். 10 அல்லது 12 அங்குல டிரம்முக்கான காந்தம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.2 ஓம், இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால் 1.6 அளவில் காட்ட வேண்டும். 3.2 காட்டினால் ஒரு சக்கரத்துக்குக் கரண்டே போகவில்லை. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் எங்கோ வயர் தோல் உரிந்து சட்டத்தில் தொடுகிறது, பெரும்பாலும் அச்சுக்குள்ளால் வயர் போகிற இடத்தில்.

அக்கரைப்பற்று: காக்கா, கையால் லீவரைத் தள்ளினால் ட்ரெய்லர் பிடிக்குது, காலால் மிதித்தால் ஒன்றுமில்லை.

அப்படியென்றால் காந்தம், நீல வயர், எர்த் மூன்றும் சரி. கொன்ட்ரோலரின் சிவப்பு வயரைப் பாருங்க. அது பிரேக் லைட் சுவிட்சிலிருந்து வருவது, மிதிக்காதபோது அதில் கரண்ட் இருக்கக் கூடாது, மிதித்தால் 12 வோல்ட் வர வேண்டும். எப்போதுமே 12 இருந்தால் சுவிட்சின் தவறான பக்கத்தில் கொழுவியிருக்கிறார்கள்.

கல்முனை: இதே கொன்ட்ரோலரைக் கழற்றி எங்கள் லொறியில் பூட்டலாமா?

லொறி 24 வோல்ட் என்றால் வேண்டாம், கருகிப் போகும்.

களுவாஞ்சிக்குடி: தொட்டவுடன் சக்கரம் இறுகி டயர் தேயுது.

கெயின், அதாவது கொன்ட்ரோலர் பிரேக்குக்கு அனுப்பும் கரண்டின் அளவு, கூடிப் போச்சு. வழமையான சுமையை ஏற்றி, வாகன நெரிசல் இல்லாத காய்ந்த நேர் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், கை லீவரை முழுதாகத் தள்ளுங்க. சக்கரம் இறுகும் அளவைக் கண்டுபிடித்து அதிலிருந்து கொஞ்சம் குறைத்து வையுங்க. நெல் மூட்டையோடு வைத்த அளவு வெறும் ட்ரெய்லருக்குப் பொருந்தாது, சுமை இறக்கியதும் குறைக்க வேண்டும், இதை மறப்பதால்தான் டயர் போகிறது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறுகினால் கெயினில் கை வைக்காதீங்க, டிரம்மைக் கழற்றிக் கிரீஸ் ஒழுகியிருக்கிறதா, அந்தப் பக்க ஷூ அளவுக்கு மீறி முடுக்கியிருக்கிறதா என்று பாருங்க.

செங்கலடி: பசறை, லுணுகலைப் பக்கம் இறங்கும்போது பிரேக் மணக்குது.

இறக்கம் தொடங்குமுன்னே கியரைக் குறையுங்க, எஞ்சின் இழுத்துப் பிடிக்கட்டும். காலை வைத்தபடியே வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் விட்டுப்போகும், அந்த நேரத்தில் கெயினைக் கூட்டுவது இன்னும் ஆபத்து. மணம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்க, தண்ணீர் ஊற்றாதீங்க.

காத்தான்குடி: போட்டை வாவியில் இறக்கும்போது ட்ரெய்லரும் நனையுது. பரவாயில்லையா காக்கா?

மின்சார பிரேக்குக்கு உப்புத் தண்ணீர் பெரிய எதிரி. இறக்குமுன் பிளக்கைக் கழற்றுங்க, டிரம் சூடாக இருந்தால் ஆறும்வரை பொறுங்க. வீட்டுக்கு வந்ததும் டிரம்மின் பின்பக்கத்தால் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி, மெதுவாக ஓட்டி நாலைந்து தரம் பிரேக் பிடித்தால் உள்ளே காயும். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் இறக்குகிறவர் என்றால் அடுத்த ட்ரெய்லரை ஓவர்ரன் பிரேக் உள்ளதாக எடுங்க, கெப் வேகம் குறையும்போது ட்ரெய்லரின் உந்துதலிலேயே அது பிடிக்கும், கொன்ட்ரோலரும் வேண்டாம்.