கீமோ டோஸும் பி.ஐ.டி. கன்ட்ரோலரும்: தடுமாற்றம் எங்கே?

கேள்வி: டோசிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை 21 நாளுக்கு ஒருமுறை கொடுப்பதாக வைத்து, ஊசி போடும் நாளன்று நியூட்ரோபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு) எண்ணிக்கையைப் பார்த்து டோஸைத் தீர்மானிக்கும் பி.ஐ.டி. கன்ட்ரோலரை (இலக்கிலிருந்து விலகும் பிழை, அதன் கூட்டுத்தொகை, அது மாறும் வேகம் மூன்றையும் வைத்துத் திருத்துவது) சிமுலேஷனில் எழுதியிருக்கிறேன். எண்ணிக்கை ஒரு சுழற்சியில் பாதாளத்துக்குப் போகிறது, அடுத்ததில் எகிறுகிறது. ட்யூனிங் தவறா?

பதில்: ட்யூனிங்கில் இது தீராது. மருந்து தாக்குவது எலும்பு மஜ்ஜையில் பெருகும் செல்களை. ஏற்கெனவே முதிர்ச்சிப் பாதையில் இருப்பவை சில நாள் ரத்தத்துக்கு வந்துகொண்டேயிருக்கும். எண்ணிக்கை அடிமட்டம் தொட ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். 21ஆம் நாளில் அது பெரும்பாலும் மீண்டுவிடும். உங்கள் கன்ட்ரோலர் மீட்சியை மட்டும் பார்த்து டோஸை ஏற்றுகிறது, நடுவில் இருந்த பள்ளம் அதன் கண்ணில் படுவதே இல்லை. போதாததற்கு, கொடுத்த மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. டோஸ் பூஜ்யத்தில் முட்டி நிற்கும்போதும் இன்டெக்ரல் பகுதி (பிழையின் கூட்டுத்தொகை) பிழையைக் கூட்டிக்கொண்டே போகும்.

மாடல் பிரிடிக்டிவ் கன்ட்ரோலுக்கு, அதாவது மாடலை வைத்து வரப்போவதைக் கணித்து டோஸைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு, மாறுங்கள். மாடலுக்கு, 2002இல் ஃபிரிபெர்க் குழு வெளியிட்டது போதும்: பெருகும் செல்கள், மூன்று முதிர்ச்சிக் கட்டங்கள், ரத்தத்தில் சுற்றுபவை, ஒரு பின்னூட்டம். டோசிடாக்சலுக்குச் சராசரி முதிர்ச்சி நேரம் ஏறத்தாழ 89 மணி. நான்கை (மூன்று கட்டங்களைக் கடக்க நான்கு தாவல்கள்) அதால் வகுத்தால், ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் கடத்தல் விகிதம், மணிக்கு சுமார் 0.045.

முதல் சுழற்சியில் வழக்கமான டோஸ், சதுர மீட்டருக்கு 75 மி.கி. என்றே வையுங்கள். 8, 15ஆம் நாள் அளவீடுகளைக் கொண்டு ஆரம்ப எண்ணிக்கை, முதிர்ச்சி நேரம், மருந்துணர்வு மூன்றையும் பேயீசிய முறையில் (முன் மதிப்பீட்டைப் புது அளவீட்டோடு இணைத்து) அந்த நோயாளிக்கேற்பத் திருத்துங்கள். கணக்கை மடக்கையில் (லாகரிதம்) செய்தால் எதிர்மறை எண்ணிக்கை வராது. பிறகு அடுத்த மூன்று சுழற்சிகளுக்கு உகந்த டோஸ்களைத் தேடி, முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு, புது ரிப்போர்ட் வந்ததும் மறுபடி தேட வேண்டும்.

பலர் சறுக்குவது 'மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போகக் கூடாது' என்பதைக் கறாரான நிபந்தனையாக வைப்பதில். நோயாளி ஏற்கெனவே 400இல் இருந்தால் சால்வர் (உகந்த டோஸைத் தேடும் நிரல்) 'தீர்வில்லை' என்று கைவிரித்துவிடும். வரம்பை எவ்வளவு மீறலாம் என்று தளர்த்தும் ஸ்லாக் மாறி சேர்த்து, மீறலுக்குக் கடுமையான அபராதம் போடுங்கள். மாடல் லிட்டருக்கு 10⁹ அலகில் இருந்தால் அதே 500 அங்கே 0.5, இதிலும் கோட்டை விடுவார்கள்.

கட்டியின் அளவை நேரடி இலக்காக வைக்காதீர்கள். சில சுழற்சிகளுக்கு ஒருமுறை எடுக்கும் ஸ்கேன் பின்னூட்டத்துக்குப் போதாது. ஜி-சி.எஸ்.எஃப். (நியூட்ரோபில் உற்பத்தியைத் தூண்டும் மருந்து) ஊசி போட்டால் முதிர்ச்சி நேரம் குறையும், அதை மாடலில் சேர்க்காமல் வரும் கணிப்பை நம்ப வேண்டாம். அளவுருக்களை 30 சதவீதம் அங்குமிங்கும் ஆட்டிய சில நூறு கற்பனை நோயாளிகளிடம் ஓட்டிப் பார்த்த பிறகும், இது மருத்துவரின் மேசைக்குப் போகும் பரிந்துரைதான். மருந்து செலுத்தும் பம்பை இயக்கும் கட்டளை அல்ல.