ஆந்தாலஜி படம் என்றால் என்ன? வார இறுதியில் வீட்டில் பார்க்க அது ஏன் ஏற்றது?
தனித்தனியே முடிந்துவிடும் சில குறுங்கதைகளை, காதல் போன்ற ஒரு பொதுப் பொருளால் இணைத்து ஒரே படமாகத் தருவதே ஆந்தாலஜி. பல வகைப் பூக்களை ஒரே நாரில் தொடுத்த கதம்பத்தைப் போன்றது. வீட்டில் பார்க்கும்போது சமையலும் விருந்தினரும் குறுக்கிடுவது இயல்பு என்பதால், ஒரு கதையைச் சனிக்கிழமை முடித்துவிட்டு அடுத்ததை ஞாயிறன்று தொடர முடிகிற இவ்வடிவம் மிகவும் வசதியானது. முதலில் பார்க்க, 2019-இல் வெளியான ‘சில்லுக்கருப்பட்டி’யைப் பரிந்துரைப்பேன்: அதன் நான்கு கதைகளும் பதின்பருவம் முதல் முதுமை வரையிலான அன்பைச் சொல்கின்றன, சமுத்திரக்கனியும் சுனைனாவும் நடித்த, மணமாகிப் பல ஆண்டுகளான தம்பதியரின் கதை என் மனத்தை விட்டு இன்றும் அகலவில்லை. கதைக்கு ஓர் இயக்குநர் இருந்தால்தான் ஆந்தாலஜி என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் இப்படத்தின் நான்கு கதைகளையும் எழுதி இயக்கியவர் ஹலிதா ஷமீம் ஒருவரே.