கொக்கட்டிச்சோலைத் தம்பிக்கு: ஹொக்கியை இந்த மாதமே தொடங்குங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவு வாசித்தேன். ஓகஸ்டில் ரொறன்ரோ வந்து சேர்ந்திருக்கிறீர்கள். ஸ்காபுரோவில் ஒரு வெயர்ஹவுஸில் பின்னேர ஷிப்ட். இரண்டு கிழமையாகச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ஐஸ் ஹொக்கிதான் பேசுகிறார்கள், கிரிக்கெட் மட்டும் தெரிந்த நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடிக்கிறீர்கள். "இதைப் பழகத்தான் வேண்டுமா அக்கா? பழகினால் அவர்களைப் போல நடிப்பதாக ஆகாதா? பழகுவதென்றால் எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருந்தீர்கள்.

நான் இப்போது மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். அம்மாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை, அதற்காக ஆறு கிழமை லீவில் வந்தேன். ரொறன்ரோவில் இரவு 7 மணிக்கு ஆட்டம் என்றால் இங்கே விடிய 4:30. இன்றும் எழும்பி, விறாந்தையில் தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்து ரொறன்ரோ அணியான மேப்பிள் லீஃப்ஸின் ஆட்டத்தைப் பார்த்தேன். வெளியே நல்ல மழை. கண்ணில் கட்டோடு அம்மா வந்து பக்கத்தில் இருந்து, "ஆரு புள்ள வெல்லுற?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு இரவை ஞாபகப்படுத்தியது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அந்த இரவில்தான் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்ததில் எங்கள் வீடு போய்விட்டது. அடுத்த ஏப்ரலில் நான் கனடாவில் இருந்த கணவரிடம் போய்ச் சேர்ந்தேன். ஓகஸ்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. தட்டுக் கழுவுவது, அறை அறையாகச் சாப்பாடு கொண்டுபோய் வைப்பது. இலங்கை என்று சொன்னால் போதும், எல்லோரும் சுனாமியைத்தான் கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று தரம் அந்தக் கதையைச் சொல்ல என்னால் ஏலாமல் இருந்தது. அதனால் மற்றவர்களோடு மேசையில் இருக்காமல், குளிரறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றே சாப்பிடுவேன். நீங்கள் ஏன் போனைப் பார்க்கிறீர்கள் என்று எனக்கு விளங்கும் தம்பி.

அங்கே ஒரு வயோதிபர் இருந்தார். நடுப்பார்வை போய்விட்டது, கண்ணின் ஓரத்தால்தான் பார்ப்பார். ஒக்டோபர் 5, ஒரு புதன்கிழமை. நான் இரவுச் சாப்பாட்டோடு போனபோது, படுக்கை உடுப்புக்கு மேலே லீஃப்ஸின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு மிக நெருக்கமாகக் கதிரையை இழுத்து வைத்திருந்தார். தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. நீலம் எது வெள்ளை எது என்று தனக்குத் தெரிகிறது, ஐஸின் மேல் ஓடுகிற அந்தச் சின்னச் சாமான்தான் தெரியவில்லை, வேலை முடிந்தால் கொஞ்ச நேரம் இருந்து அது எங்கே போகிறது என்று சொல்வாயா என்று கேட்டார். அதற்குப் பெயர் பக் என்பதுகூட எனக்குத் தெரியாது. "கறுப்புச் சாமான் இடது மூலையில்" என்று சொன்னேன். "பக்" என்றார். "பக் இடது மூலையில்" என்றேன். தலையை ஆட்டினார். விசில் சத்தத்தையும் சனத்தின் சத்தத்தையும் வைத்தே என்ன நடந்தது என்று எனக்கு அவர் சொன்னார், பக் எங்கே என்று அவருக்கு நான் சொன்னேன். இப்படியே ஆட்டம் முழுவதும் போனது.

அது சாதாரண முதல் ஆட்டம் அல்ல. முதலாளிமாருக்கும் வீரர்களுக்கும் சம்பளத் தகராறு வந்து 2004-05 பருவம் முழுவதுமே நடக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த மனிதர் அவர். எதிரணி ஒட்டாவா செனற்றேர்ஸ். 2-2 என்று சமன். மேலதிகமாகக் கொடுத்த ஐந்து நிமிடத்திலும் கோல் விழவில்லை. முன்பென்றால் சமன் என்று அறிவித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். அன்றைக்கு யாரும் போகவில்லை. "இப்போது என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டார். நான் பார்த்ததைச் சொன்னேன்: ஒருவர் மட்டும் நடுவில் இருந்து பக்கைக் கொண்டு வருகிறார், முன்னால் கோலி, அதாவது கோல் காப்பவர், மட்டும் நிற்கிறார், மற்றவர்கள் எல்லோரும் ஓரத்தில் நின்று பார்க்கிறார்கள். அந்தப் பருவத்தில்தான் சமனை முறிக்க இந்த முறையைக் கொண்டு வந்திருந்தார்கள். இந்த அணிகள் ஆடுகிற பெரிய லீக்கான என்எச்எல் வரலாற்றிலேயே முதலாவது ஷூட்டவுட் அது. ஒட்டாவா 3-2 என்று வென்றது. சின்ன வயதில் வானொலியில் ஹொக்கி கேட்டு வளர்ந்தவர் அவர், நான் கனடாவுக்கு வந்து ஆறு மாதம். இரண்டு பேருமே அப்படி ஒன்றை அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த நாள் மத்தியானம் நான் மேசைக்குப் போய் இருந்தேன். "நேற்று ஒவ்வொருவராக வந்து அடித்தார்களே, அப்படி ஒரு ஆட்டத்தை முடிப்பது நியாயமா?" என்று மட்டும் கேட்டேன். எனக்கிருந்த ஆங்கிலம் அதற்குப் போதுமாக இருந்தது. இரண்டு பெண்களும் ஒரு துப்புரவுத் தொழிலாளியும் இருபது நிமிடம் விவாதித்தார்கள். இடையிடையே என் பக்கம் திரும்பி "நீ என்ன நினைக்கிறாய்?" என்றார்கள். அன்றைக்கு யாரும் என்னிடம் கடலைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அதனால்தான் பருவம் தொடங்குகிற இந்த ஒக்டோபரிலேயே தொடங்குங்கள் என்கிறேன். ஏப்ரலில் பிளேஓஃப், அதாவது கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகள், வந்த பிறகு போய்ச் சேர்ந்தால், அவர்கள் ஆறு மாதக் கதையோடு இருப்பார்கள், உங்களுக்கு எதுவும் ஒட்டாது. இப்போதோ எல்லோருக்கும் எல்லாம் புதிது. கோடையில் யார் விலகினார், யார் வந்தார், யாரோடு யாரைச் சேர்த்து இறக்கினால் சரிவரும் என்று அவர்களே யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். 18, 19 வயதுப் பொடியன் யாராவது அணியில் இருந்தால் அதுவே ஒரு பேச்சு: அப்படியானவரை ஒன்பது ஆட்டம் வரை பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பலாம், பத்தாவது ஆட்டத்தில் இறக்கினால் அவருடைய ஒப்பந்தத்தின் முதல் வருடம் ஓடத் தொடங்கிவிடும். "அந்தப் பொடியனை வைத்திருப்பார்களா?" என்று ஒக்டோபர் நடுப்பகுதியில் கேட்டுப் பாருங்கள், யாராவது கதிரையை உங்கள் பக்கம் திருப்புவார்கள்.

நடிப்பா என்று கேட்டீர்கள். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டினால் நடிப்பு, தெரியாது என்று சொல்லிக் கேட்டால் அது படிப்பு. மட்டக்களப்பு டவுனில் வெபர் மைதானத்தைக் கடந்துதானே போய் வந்திருப்பீர்கள்? அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைப் பாதிரியார் ஹரல்ட் வெபரின் பெயர்தான் அது. புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். அது எங்கேயோ குளிர் நாட்டில் பிறந்த ஆட்டம். எங்கள் பொடியன்கள் அதை ஆடியபோது யாரும் அமெரிக்கராக நடிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. பிடித்திருந்தது, ஆடினார்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? உங்கள் அப்பா படுவான்கரையில் வெள்ளாமை செய்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு லேசு. ஹொக்கிப் பருவம் எங்கள் மாரிப்போகம் மாதிரி. ஒக்டோபரில் விதைப்பு, மாசி பங்குனி கடந்து ஏப்ரல் நடுப்பகுதியில் வெட்டு. 32 அணிகள், ஓர் அணிக்கு எண்பதுக்கு மேல் ஆட்டம். அதில் 16 அணிகள் பிளேஓஃப் போகும். வென்றால் 2 புள்ளி, மேலதிக நேரத்திலோ ஷூட்டவுட்டிலோ தோற்றால் 1 புள்ளி, வழக்கமான அறுபது நிமிடத்துக்குள் தோற்றால் ஒன்றுமில்லை. அந்த ஒற்றைப் புள்ளியைக் கவனியுங்கள். ஏப்ரலில் ஓர் அணி வெளியே போவதும் உள்ளே வருவதும் இப்போது விட்ட ஒரு புள்ளியில் இருக்கும்.

முதல் ஐந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வருடம் சரிவராது" என்று மேசையில் ஒருவர் கட்டாயம் சொல்வார். முளைத்து பத்தாம் நாள் வரம்பில் நின்று விளைச்சல் சொல்கிற ஆட்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள் அல்லவா. நவம்பர் கடைசியில் அமெரிக்கர்களின் தாங்க்ஸ்கிவிங் வரும், ரசிகர்கள் அந்த நாளை ஒரு அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு பிளேஓஃப் இடத்தில் நிற்கிற அணிகளில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு கடைசியிலும் அங்கேயே நிற்கும். ஆனாலும் சென்ற் லூயிஸ் புளூஸ் என்ற அணி 2019 ஜனவரி தொடக்கத்தில் முழு லீக்கிலும் கடைசி இடத்தில் கிடந்தது, அதே ஜூனில் லீக்கின் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கியது. ஒஸ்டன் மத்தியூஸ் என்பவர் 2016 ஒக்டோபர் 12 அன்று லீஃப்ஸுக்கு ஆடிய தன்னுடைய முதல் ஆட்டத்திலேயே நாலு கோல் போட்டார், லீஃப்ஸ் அந்த ஆட்டத்தை ஒட்டாவாவிடம் 5-4 என்று தோற்றது. ஒக்டோபர் ஆட்டங்கள் இப்படித்தான். பார்த்து ரசியுங்கள், தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

பார்க்கும்போது பக்கைத் துரத்தாதீர்கள். முதல் மாதம் அது கண்ணுக்குப் பிடிபடாது. மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு உள்ள ரப்பர் வட்டு, துள்ளாமல் ஓடுவதற்காக உறைய வைத்துத்தான் கொண்டு வருவார்கள். வேலியைத் தாண்டிக் குதித்து வருகிறவர்களைப் பாருங்கள். ஒருவர் முக்கால் நிமிடம் அளவில்தான் முழு வேகத்தில் ஓடுவார், அப்புறம் ஆட்டம் நிற்காமலே அடுத்தவர் மாறுவார். அந்த மாற்றம் பிந்துகிற இடத்தில்தான் கோல் வாங்குவார்கள். தவறு செய்தவர் இரண்டு நிமிடம் பெட்டிக்குள் போனால் ஐந்து பேருக்கு நாலு பேர், அந்த நேரம் மேசையில் எல்லோருடைய சத்தமும் மாறும். மற்றது கோலி. ஓர் அணியில் இரண்டு கோலிகள் மாறி மாறி நிற்பார்கள், அடுத்தடுத்த நாள் ஆட்டம் என்றால் அநேகமாக ஆள் மாறும். அதனால் "இன்றைக்குக் கோலில் யார்?" என்பது எந்த நாளும் கேட்கக்கூடிய நல்ல கேள்வி. என் வயோதிபரும் நான் அறைக்குள் கால் வைத்ததும் முதலில் அதைத்தான் கேட்பார்.

எந்த அணி என்பதில் குழம்ப வேண்டாம். இருக்கிற ஊரின் அணியை எடுங்கள். மொன்றியலில் உங்கள் மச்சான் இருந்தால் கனேடியன்ஸ் என்று இழுப்பார், 24 கிண்ணம் வென்ற அணி, அதுவும் பெரிய பெருமைதான். ஆனால் நீங்கள் சாப்பிடுகிற மேசை லீஃப்ஸ் மேசை. அவர்கள் கடைசியாகக் கிண்ணம் வென்றது 1967இல். அந்த எண்ணைச் சொல்லி முதல் நாளே பகிடி விடாதீர்கள். தகப்பனும் பாட்டனும் காத்திருந்தும் அதைக் காணாமலே கண்மூடிய வீடுகள் அங்கே நிறைய. 2004க்குப் பிறகு ஒரு பிளேஓஃப் சுற்றைத் தாண்ட 2023 வரை காத்திருந்தார்கள். அந்த இரவு எங்கள் வீதியில் கார்க்காரர் எல்லோரும் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்கள், என் மகன் வாசலில் நின்று அழுதான். ஒரு சுற்றுக்கு இவ்வளவா என்று நினைப்பீர்கள். ஐந்து வருடம் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

காசு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். லீஃப்ஸ் ஆட்டத்துக்கு இப்போது டிக்கெட் வாங்காதீர்கள், புதிதாக வந்தவரின் சம்பளத்துக்கு அது கட்டாது. சனிக்கிழமை இரவு ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பாருங்கள், அந்தச் சனிக்கிழமை வழக்கம் 1952இல் இருந்தே தொலைக்காட்சியில் இருக்கிறது. நேரில் பார்க்க ஆசையென்றால் மார்லீஸ் இருக்கிறது, லீஃப்ஸுக்கு ஆள் தயாரிக்கிற இரண்டாம் நிலை அணி. டிக்கெட் மிகவும் மலிவு, இன்றைக்கு அங்கே ஆடுகிறவர் அடுத்த மாதம் மேலே ஆடலாம்.

இன்னொன்று. ஆட்டத்துக்கு நடுவில் பந்தயம் கட்டச் சொல்லி விளம்பரம் வந்தபடி இருக்கும். 2022 ஏப்ரலில் ஒன்ராறியோவில் ஒன்லைன் சூதாட்டச் சந்தையைத் திறந்துவிட்ட பிறகு அது கூடிவிட்டது. அந்த அப்பைப் போனில் இறக்கவே வேண்டாம் தம்பி. வீட்டுக்கு அனுப்ப வைத்திருந்த காசை அதில் விட்டுவிட்டு ஒரு பொடியன் எங்கள் சமையலறை மேசையில் இருந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். பத்து டொலர்தானே என்றுதான் அவனும் தொடங்கினான்.

நான் நவம்பர் மூன்றாம் கிழமை திரும்பி வருகிறேன். அந்த வார இறுதியில் மகனோடு மார்லீஸ் ஆட்டம் பார்க்கப் போகலாம் என்று இருக்கிறோம், நீங்களும் வாருங்கள். எக்ஸிபிஷன் பிளேஸில் உள்ள கொலிசியத்தில் நடக்கும், உங்கள் ஷிப்ட் எந்த நாள் இல்லை என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். உள்ளே ஐஸ் என்பதால் குளிரும், தடித்த ஸ்வெட்டர் ஒன்று கொண்டு வாருங்கள். அதற்கு முன்னால், நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் அந்தக் கோலிக் கேள்வியைக் கேட்டுவிட்டு, என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். விடிய நாலரைக்கு நான் எப்படியும் முழித்துத்தான் இருப்பேன்.