வாசகர் கேள்விகள்: துணைத்தூதர் நெருடா

கேள்வி: சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா பல நாடுகளில் தூதரகப் பணியாற்றியவர் என்று படித்தேன். அரசாங்கச் சம்பளம் வாங்கியபடியே அவரால் எப்படி அரசியல் போராளியாகவும் இருக்க முடிந்தது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பலமுறை முடியாமல்தான் போயிற்று. 1927இல் ரங்கூனில் கௌரவத் துணைத்தூதராகப் பணியைத் தொடங்கி, பின்னர் கொழும்பு, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா), சிங்கப்பூர் என்று மாறிய காலத்தில் அவருக்கு வருமானமும் சொற்பம், வேலையும் சொற்பம், அரசியலோ அநேகமாக இல்லை. சிக்கல் ஸ்பெயினில்தான் எழுந்தது. 1936இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு, நண்பரும் கவிஞருமான லோர்கா கொல்லப்பட்டபின், மாட்ரிட்டில் துணைத்தூதராக இருந்த நெருடா, பிராங்கோவின் கலகப் படையை எதிர்த்த குடியரசுத் தரப்பை வெளிப்படையாக ஆதரித்தார். நடுநிலை நாட்டின் அதிகாரி அப்படிச் செய்யலாகாது என்பதால் பதவி பறிபோனது.

ஆயினும் அவருடைய அரசியல் செயல்களில் மிகப் பெரியதை அவர் அதிகாரியாக இருந்தே செய்தார் என்பது என் கருத்து. 1939இல் சிலியில் ஆட்சியிலிருந்த மக்கள் முன்னணி அரசு, ஸ்பானிய அகதிகளுக்கான சிறப்புத் துணைத்தூதராக அவரைப் பாரிசுக்கு அனுப்பியது. குடியரசுத் தரப்பு தோற்றபின் பிரான்சுக்குத் தப்பி வந்து அங்கே முகாம்களில் அடைபட்டுக் கிடந்தவர்களில் 2,000க்கும் மேற்பட்டோர் 'வின்னிபெக்' என்ற பழைய சரக்குக் கப்பலில் ஏற்றப்பட்டு, ஆகஸ்டு 4 அன்று போயாக் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, செப்டம்பர் 3 அன்று சிலியின் வால்பரைசோவை அடைந்தார்கள். பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனிமீது போர் அறிவித்த நாளும் அதுவே. எத்தனை கவிதை எழுதியும் ஒருவருக்குக்கூட விசா வழங்க முடியாது. அதற்குப் பதவி வேண்டியிருந்தது.

1945இல் செனட்டராகிக் கம்யூனிஸ்டுக் கட்சியிலும் சேர்ந்த அவர், குடியரசுத் தலைவரைச் செனட்டிலேயே குற்றம்சாட்டிப் பேசியதால் 1948இல் கைது உத்தரவுக்கு ஆளானார். ஓராண்டுக்கு மேல் தலைமறைவாக இருந்து, குதிரையில் ஆண்டிஸ் மலையைக் கடந்து அர்ஜென்டினாவுக்குத் தப்பிய அவர், அங்கிருந்து குவாத்தமாலா எழுத்தாளர் மிகேல் ஆங்கெல் அஸ்தூரியாசின் கடவுச்சீட்டில் ஐரோப்பா போய்ச் சேர்ந்தார். கடவுச்சீட்டுகளைச் சரிபார்க்க வேண்டிய தொழிலில் இருந்தவர் இரவல் கடவுச்சீட்டில் பயணம் செய்தார். கொடுத்தவரும் தூதரக அதிகாரியே! சோசலிசத் தலைவர் அயேந்தே சிலியின் அதிபரான பின் நெருடா பாரிசில் தூதரானார். அந்தப் பதவியில் இருக்கும்போதுதான் 1971இல் நோபல் பரிசு வந்தது.

கேள்வி: இலங்கையில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அவர் கொடுமை இழைத்தார் என்பது உண்மையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்மை, அவரே எழுதியிருக்கிறார். இறந்தபின் 1974இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில், கொழும்பில் தம் வீட்டுக் கழிப்பறையைத் துப்புரவு செய்ய வந்த, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த தமிழ்ப் பெண்ணை அவளது இசைவின்றி வன்புணர்ந்ததைச் சொல்லுகிறார். அவள் தம்மை வெறுத்தது சரியே என்கிறார். வேறு பரிகாரம் எதையும் அவர் எழுதவில்லை. துணைத்தூதர் என்ற சிறு அதிகாரம் அகதிகளுக்குப் பயன்பட்டதைப் பேசுகிறவர்கள், அதே அதிகாரம் இந்தப் பெண்ணின்மீது பாய்ந்ததையும் பேச வேண்டும். சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் யோசனை 2018இல் எழுந்தபோது, சிலியின் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியே எதிர்த்தார்கள். பெயர் மாற்றப்படவில்லை.